இந்தப் பக்கம் ஆறு கல்

சார், உங்க கையெழுத்து நல்லா இருக்கு. அடித்தல் திருத்தல் இல்லாம மூணு பக்கம் வாக்குமூலம் எழுதற போலீஸ்காரங்களை நான் பார்த்ததில்ல. எங்க முதலாளி ஒரு அளவு எழுதினா அது மூணா எட்டான்னு அவருக்கே தெரியாது. அதனாலயே எத்தனை கல்லு வீணாப் போயிருக்கு தெரியுமா?

கையெழுத்துப் போடச் சொல்லிட்டு டீ வாங்க ஆளனுப்பினீங்களே, அந்த நேரத்துல மூணு பக்கத்தையும் ரெண்டு தடவை படிச்சுட்டேன். செத்தவன் என் மச்சான், என் சம்சாரத்தோட கூடப்பிறந்த தம்பி. சரி. நடந்தது செவ்வாய்க்கிழமை மத்தியானம், புதுசாக் கட்டற அடுக்குமாடிக் கட்டடத்துக் கீழ்த்தளத்துல. சரி. சமையல் மேடைக்கு வந்த கிரானைட் கல்லு ஆறு மேல சாஞ்சு செத்தான். அதுவும் சரி. ரெண்டாவது பக்கத்துல, அடியிலேருந்து நாலாவது வரி மட்டும் தப்பு. அது அப்படியே இருக்கற வரைக்கும் நான் கையெழுத்துப் போட முடியாது. கோவிச்சுக்காதீங்க. வெறுமனே தப்புன்னு சொன்னா உங்களுக்குப் புரியாது. நீங்க வேற தொழில்ல இருக்கறவரு. முதல்லேருந்து சொல்றேன்.

நான் இருபத்திரண்டு வருஷமா சமையல் மேடைக்குக் கல்லு போடறவன். பட்டறையில எல்லாரும் மேஸ்திரின்னுதான் கூப்பிடுவாங்க. பெரிய கல்லு வரும், அளவுக்கு வெட்டுவோம், சிங்க்குக்கு ஒரு ஓட்டை, அடுப்புக்கு ஒரு ஓட்டை போடுவோம், ஓரத்தைத் தேய்ச்சுப் பாலிஷ் ஏத்துவோம், வீட்டுக்குக் கொண்டு போய் உக்கார வைப்போம். இவ்வளவுதானான்னு கேப்பாங்க. கேக்கறவன் எவனையாவது ஒரு நாள் வந்து ஒரு கல்லை ஒரு முனையில பிடிக்கச் சொல்லுங்க, அப்புறம் தெரியும் சேதி.

நான் கண்ணாலயே அளந்துடுவேன். ரசமட்டம்னு ஒரு சாமான் இருக்கு, கண்ணாடிக் குழாய்க்குள்ள ஒரு குமிழி நடுவுல நிக்குதான்னு பார்த்துக்கிட்டுக் கிடக்கணும். கண்ணு சரியில்லாதவனுக்கு அது. நான் அதை வண்டியிலயே போட்டுட்டுப் போயிடுவேன். எங்க வீட்டு மேடையையும் அப்படித்தான் போட்டேன், பதினாறு வருஷம் ஆச்சு. அதுல ஒரு எலுமிச்சம்பழத்தை வச்சா அது பாட்டுக்கு உருண்டு வந்து சிங்க்குல விழும். என் சம்சாரம் வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் அதைக் காட்டிச் சிரிப்பா. தப்பு கல்லுல இல்ல சார். சுவர் கோணல். கட்டினவன் கோணலாக் கட்டினா நான் என்ன பண்ண முடியும்? அவளும் பாத்திரத்துக்கடியில துணியை மடிச்சு வச்சுப் பழகிட்டா. பதினாறு வருஷமாப் பழகினவளுக்கு இப்ப திடீர்னு என்ன கேடு வந்துச்சுன்னு எனக்குத் தெரியல.

மச்சான் விஷயத்துக்கு வரேன். அவன் தையல் கம்பெனியில கட்டிங் மாஸ்டரா இருந்தவன். அட்டையில அச்சு வெட்டி, அதைத் துணி மேல வச்சுக் கோடு போட்டு வெட்டறது, அதான் வேலை. முப்பத்தொன்பது வயசு, கனமான மூக்குக் கண்ணாடி, பொம்பளைப் பிள்ளை மாதிரி விரல். கல்யாணம் ஆகல. கம்பெனியை இழுத்து மூடிட்டாங்க. ஆறு மாசம் எங்க வீட்டுத் திண்டுல சாஞ்சுக்கிட்டு ஜன்னலையே பார்த்துக்கிட்டு இருந்தான். ஒரு நாள் இவ, "என்னங்க, தம்பியையும் உங்ககூடக் கூட்டிட்டுப் போங்களேன். நீங்க இருக்கறப்ப நான் வேற யார்கிட்டப் போய்க் கேப்பேன்?"னு சொன்னா. அவங்க அம்மா போறப்ப அவனுக்கு நாலு வயசாம். இவதான் இடுப்புல தூக்கிக்கிட்டுத் திரிஞ்சு வளர்த்தா. எங்களுக்குப் பிள்ளை இல்ல. அந்த இடத்துலயும் அவன்தான் இருந்தான். சரி, வரட்டும்னு சொன்னேன். துணி வெட்டினவன் கல்லு வெட்டற லட்சணத்தைப் பார்க்கலாம்னு எனக்கும் ஒரு ஆசை.

பட்டறையில முதல் நாளே அவனுக்கு டெய்லர்னு பேர் வச்சுட்டாங்க. "கல்லுக்குச் சட்டை தைக்க வந்திருக்காருய்யா"ன்னு நான்தான் ஆரம்பிச்சு வச்சேன். அவனும் கூடச் சேர்ந்து சிரிச்சான். ரோஷம்னு ஒண்ணு அவன்கிட்டக் கிடையாது. வந்த மூணாவது நாள் ஒரு கல்லைப் படுக்கை வாட்டுல தூக்கப் போனான். கல்லைக் குத்தா நிறுத்தித்தான் சார் தூக்கணும், கதவைத் தூக்கற மாதிரி. சிங்க்குக்கு ஓட்டை போட்டப்புறம் ரெண்டு ஓரத்துலயும் நாலு விரக்கடைதான் மிச்சம் இருக்கும். படுக்க வச்சுத் தூக்கினா அந்த இடத்துல முறிஞ்சுடும். அன்னிக்கு நான் பக்கத்துலயே பீடி பத்த வச்சுக்கிட்டு நின்னுக்கிட்டு இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதும். பட்டாத்தான் புத்தி வரும்னு விட்டுட்டேன். கல்லு ரெண்டாப் போச்சு, அவன் கால் கட்டை விரல் நசுங்கிப் போச்சு. முதலாளி அவனைக் கிழி கிழின்னு கிழிச்சார். நான் பீடியைக் கடைசி வரைக்கும் பிடிச்சு முடிச்சேன். அன்னிக்கு ராத்திரி நல்லாத் தூங்கினேன்னு ஞாபகம்.

அவன் என்ன பண்ணினான் தெரியுமா? ஒரு குட்டி நோட்டு வாங்கிக்கிட்டு வந்தான். இப்ப உங்க மேஜை மேல பாலிதீன் கவர்ல இருக்கே, அதான். 'கல்லைக் குத்தாகத் தூக்கணும்'னு முதல் பக்கத்துல எழுதினான். அன்னிலேருந்து நான் எதைச் சொன்னாலும் சட்டைப் பையிலேருந்து நோட்டை எடுத்துடுவான். "இருங்க மாமா, எழுதிக்கறேன்." தண்ணி விட்டுத்தான் வெட்டணும், எழுதிக்கறேன். கல்லை ஒட்டற பேஸ்ட் காயறதுக்குள்ள துடைக்கணும், எழுதிக்கறேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகாதுன்னு சொன்னேன். அதையும் எழுதிக்கவா மாமான்னு கேட்டான்.

அப்புறம் அட்டையை ஆரம்பிச்சான். வீட்டுக்கு அளவெடுக்கப் போனா நான் டேப்பை இழுத்து நீளம் அகலம் ரெண்டே நம்பர் சொல்லிட்டு வெளிய வந்துடுவேன். இவன் பழைய அட்டைப் பெட்டியைப் பிரிச்சு, சுவர் ஓரமா வச்சு, கத்தரிக்கோலால கொஞ்சம் கொஞ்சமா நறுக்கி, மேடைக்கே ஒரு அச்சு எடுப்பான். ஒரு மணி நேரம் ஆகும். ஏன்டா இதுன்னா, "எந்தச் சுவரும் நேரா இல்ல மாமா, உடம்பு மாதிரிதான். ஆளுக்குத் தகுந்த மாதிரிதானே வெட்டணும்"னான். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அதைச் சொன்னதும் பட்டறையே சிரிச்சுது.

அந்த டீச்சரம்மா வீட்டு விஷயத்தை முதலாளி உங்ககிட்டச் சொல்லியிருப்பார். எல்லாத்தையும் போட்டுக் கொடுக்கற ஆளு அவரு. ரிட்டயரான டீச்சர், ஒண்டிக்கட்டை, எதுலயும் குத்தம் கண்டுபிடிக்கற கண்ணு. அவங்க வீட்டுல 'எல்' மாதிரி திரும்பற மேடை. நான்தான் போட்டேன். மூலையில ரெண்டு கல்லு சேர்ற இடத்துல கொஞ்சம் இடைவெளி விழுந்துச்சு. யானைக்கும் அடி சறுக்கும். கறுப்பு பேஸ்ட்டை வச்சு அடைச்சுட்டு வந்துட்டேன். அந்தம்மா முதலாளிக்குப் போன் போட்டு, அந்த இடுக்குல ஒரு ரூபாய்க் காசு நிக்குதுன்னு சொல்லியிருக்காங்க. காசு நிக்குமாம். மேடை சமைக்கறதுக்கா, காசு நிறுத்தறதுக்கா?

முதலாளி என்னையும் டெய்லரையும் சேர்த்து அனுப்பினார். அவன் அட்டையை விரிச்சான். ரெண்டு நாள் எடுத்துக்கிட்டு ஒரு பக்கத்துக் கல்லைப் புதுசா வெட்டிக் கொண்டு வந்து சேர்த்தான். டீச்சரம்மா நகத்தை வச்சு ஜாயின்ட்டுல இழுத்துப் பார்த்தாங்க. நகம் தட்டல. ரெண்டாந்தடவையும் இழுத்தாங்க. "இதுதாங்க வேலை"ன்னாங்க. அவன் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே, "அளவு மாமா எடுத்ததுதான் டீச்சர், நான் சும்மா வெட்டினேன்"னான்.

பொய். அளவும் அவன்தான் எடுத்தான். நான் அப்ப மாடிப்படியில உக்காந்திருந்தேன். டீச்சரம்மா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிச்ச சிரிப்பு இருக்கே, அவங்களுக்கும் அது பொய்னு தெரியும். மூணு மாசம் முன்னால கல்லைப் படுக்க வச்சுத் தூக்கினவன் எனக்குப் பிச்சை போடறான். எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு எரிஞ்சுது. ஆனா வண்டியில வர்றப்ப, "நல்லா இருக்கு மச்சான்"னு கூடச் சொன்னேன்.

அடுத்த வாரம் முதலாளி என்னைத் தனியாக் கூப்பிட்டார். "மேஸ்திரி, இனிமே அளவும் ஜாயின்ட்டும் டெய்லர் பார்க்கட்டும். நீங்க தூக்கறது ஏத்தறதைப் பார்த்துக்கங்க. கல்லைக் கையாள்றதுல உங்களை மிஞ்ச ஆளில்ல" அப்படின்னார். நேத்து பெஞ்ச மழையில முளைச்ச காளான் அளவெடுக்குமாம், நான் தூக்கணுமாம். சரிங்கன்னு சொன்னேன். நீங்க இதைத்தான் காரணம்னு எழுதப் போறீங்க, பேனா வேகமா ஓடுது. இது காரணம் இல்ல சார். வேலையில ஏத்த இறக்கம் வரத்தான் செய்யும். அதுக்கெல்லாம் வருத்தப்படற ஆளு நான் இல்ல.

சம்பவத்துக்கு ரெண்டு நாள் முன்னால, ஞாயித்துக்கிழமை, நான் வெளியில போயிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். சமையல்கட்டுல நான் போட்ட மேடை இல்ல. பின்பக்கம் ரெண்டு துண்டாச் சாத்தி வச்சிருந்துச்சு. அந்த இடத்துல புதுக்கல்லு. பட்டறையில மிஞ்சின கல்லை முதலாளிகிட்டக் கேட்டு வாங்கி, நான் இல்லாத நேரமாப் பார்த்து அட்டை வச்சு, வெட்டி, அன்னிக்குக் காலையில பட்டறை ஆளுங்க ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்து போட்டிருக்கான். இவ, "உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு தம்பிகிட்டச் சொன்னேங்க"ன்னா. முகமெல்லாம் பல்லு. சட்டியும் பானையும் நடுக்கூடத்துல கிடந்துச்சு.

"அக்கா, அந்தப் பழத்தை எடு"ன்னான் அவன். இவ எலுமிச்சம்பழத்தை எடுத்து மேடை நடுவுல வச்சா. நின்னுச்சு. சிங்க் ஓரத்துல வச்சா. நின்னுச்சு. அடுப்புப் பக்கம் வச்சா, அங்கயும் அசையல. இவ கையைத் தட்டிச் சிரிச்சா சார். நாப்பத்தாறு வயசுப் பொம்பளை, சின்னப் பிள்ளையாட்டம். பதினெட்டு வருஷம் அவகூடக் குடும்பம் நடத்தியிருக்கேன், என்னால அவ ஒரு தடவை கூட அப்படிக் கையைத் தட்டினதில்ல. "நீங்களும் வச்சுப் பாருங்களேன்"னு பழத்தை என் கையில கொடுத்தா. வச்சேன். "நல்லா இருக்கு"ன்னேன்.

அன்னிக்குச் சாயங்காலம் அவங்க ரெண்டு பேரும் மாடியில துணி எடுக்கப் போயிருந்தப்ப நான் சமையல்கட்டுக்குப் போனேன். அந்தப் பழத்தைப் பதினோரு இடத்துல வச்சுப் பார்த்தேன். ஒரு இடத்துலயாவது உருளும்னு நினைச்சேன். அதே சுவர்தான் சார். அதே கோணல் சுவர்.

இப்ப அந்த ஸ்டாண்டைப் பத்திச் சொல்லணும். இது கொஞ்சம் கவனமாக் கேக்க வேண்டிய இடம். கல்லு சாத்தி வைக்கற இரும்பு ஸ்டாண்ட், கூடாரம் மாதிரி இருக்கும். மேல கூம்பி, கீழ விரிஞ்சு. ரெண்டு பக்கமும் கல்லைச் சாத்தலாம். பட்டறையில இருக்கறது தரையோட போல்ட் போட்டு முடுக்கினது. அதுல ஒரு பக்கம் மொத்தத்தையும் எடுத்தாலும் ஒண்ணும் ஆகாது. டெய்லர் மூணு மாசமாப் பழகினது அதுலதான். பெரிய கட்டடங்களுக்கு மொத்தமாக் கல்லு கொண்டு போற ஸ்டாண்ட் வேற. அதுக்குச் சக்கரம் உண்டு, போல்ட் கிடையாது. கல்லு நழுவாம இருக்க ரெண்டு பக்கமும் பெல்ட் போட்டுக் கட்டியிருக்கும். அதுல இந்தப் பக்கம் ஒண்ணு எடுத்தா அந்தப் பக்கம் ஒண்ணு எடுக்கணும். மாத்தி மாத்தி. ஒரு பக்கமே எடுத்தா மறுபக்கத்துக் கனம் இழுத்துக்கும், லேசா ஒரு உலுக்கு போதும், ஸ்டாண்டோட சேர்ந்து கவிழும். இது எங்க தொழில்ல முதல் மாசமே சொல்லிக் கொடுக்கறது. அவனுக்குச் சொல்லிக் கொடுக்கல. அதுவரைக்கும் அவனை அந்த மாதிரி இடத்துக்கு அனுப்பல, அதனால தேவைப்படல.

செவ்வாய்க்கிழமை அந்த அடுக்குமாடிக்குப் பன்னெண்டு மேடைக் கல்லு போச்சு. இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு. ஒவ்வொண்ணும் ஒரு ஆள் கனத்துக்கு மேல இருக்கும். வண்டிக்காரன் கீழ்த்தளத்துல ஸ்டாண்டை இறக்கிட்டுப் போயிட்டான். கூட வந்த ரெண்டு பேரும் சாப்பிடப் போனாங்க. ஜாயின்ட் பார்க்க டெய்லர் வந்திருந்தான். "வா மச்சான், அவனுங்க வர்றதுக்குள்ள நாம ரெண்டு பேரும் ஒரு பக்கத்தை இறக்கிடலாம்"னேன். அவனுக்குச் சந்தோஷம். மாமா தன்னைக் கூப்பிட்டுட்டாராம்.

முதல் நடை, இந்தப் பக்கத்துலேருந்து ஒண்ணு எடுத்தோம். கீழ்த்தளத்து வீட்டு வாசல் வரைக்கும் கொண்டு போய்ச் சாத்தினோம். அதுல ஒரு தப்பும் இல்ல, யார் எடுத்தாலும் முதல் கல்லு ஏதோ ஒரு பக்கத்துலேருந்துதான் எடுக்கணும்.

ரெண்டாவது நடைக்கு என் காலு தானா அந்தப் பக்கம் போச்சு. இருபத்திரண்டு வருஷப் பழக்கம். ஸ்டாண்டைச் சுத்திப் பாதி தூரம் போயிட்டேன். அங்க நின்னு யோசிச்சேன். ரொம்ப நேரம் இல்ல, ஒரு தும்மல் போடற நேரம். திரும்பி இந்தப் பக்கமே வந்தேன். "என்ன மாமா?"ன்னான். ஒண்ணுமில்ல, பெல்ட் சரியா இருக்கான்னு பார்த்தேன்னு சொன்னேன்.

மூணாவது நடையில டீச்சரம்மா திரும்பவும் போன் பண்ணினதைப் பத்திச் சொன்னான். அவங்க தங்கச்சி வீட்டுக்கும் மேடை போடணுமாம். "மாமாவும் நானும் சேர்ந்து வர்றோம்னு சொல்லிட்டேன்"னான். நாலாவது நடையில வேர்த்துப் போய்க் கண்ணாடியை மூக்குலேருந்து தோள்பட்டையால தள்ளிக்கிட்டே, "அக்கா வீட்டு மேடையில சிங்க் ஓரம் கொஞ்சம் சொரசொரன்னு இருக்கு மாமா, ஞாயித்துக்கிழமை வந்து தேய்ச்சுடறேன், அக்கா கையைக் கிழிச்சுடும்"னான். அஞ்சாவது நடையில ஒண்ணும் பேசல. ஆறாவது கல்லை எடுத்துக்கிட்டு வர்றப்ப ஸ்டாண்ட் லேசா முனகுச்சு. அது எனக்குக் கேட்டுச்சு.

இந்தப் பக்கம் காலி. அந்தப் பக்கத்து ஆறும் பெல்ட்டுல நின்னுச்சு. அவன் கையைத் துடைச்சுக்கிட்டு நோட்டை எடுத்தான். பென்சிலை நாக்குல தொட்டு ஏதோ எழுதினான். எழுதி முடிக்கற வரைக்கும் நான் காத்திருந்தேன். அவசரப்படுத்தல. அப்புறம், "போய் அந்தப் பக்கத்துப் பெல்ட்டை அவிழ்த்துடு மச்சான், முடிச்சு இறுகியிருக்கும், நல்லா இழு"ன்னு சொன்னேன். "சரி மாமா"ன்னுட்டுச் சுத்திப் போனான். நான் இந்தப் பக்கமே நின்னேன்.

சத்தம் நான் நினைச்ச அளவுக்கு இல்ல. தூசி அடங்கினதும் போய்ப் பார்த்தேன். நாலு கல்லு உடைஞ்சிருந்துச்சு, ரெண்டு முழுசா இருந்துச்சு. முதல்ல கல்லைத்தான் எண்ணினேன், அதையும் மறைக்கல. அவன் கண்ணாடி சக்கரத்துக்கிட்டக் கிடந்துச்சு, ஒரு கீறல் கூட இல்ல. அதை எடுத்துப் பையில போட்டுக்கிட்டு அப்புறம்தான் சத்தம் போட்டு ஆளைக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரியில இவ என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு, "தொழில் தெரியாதவனை நான்தானேங்க அனுப்பினேன், நான்தானே அனுப்பினேன்"னு அழுதா. தலையில அடிச்சுக்கிட்டா. நான் அவ கையைப் பிடிச்சு, ஆமாம்மா, விதின்னு சொன்னேன். நாலு நாளா அந்த மேடையில அடுப்புப் பத்த வைக்கல அவ. பக்கத்து வீட்டுலேருந்துதான் சோறு வருது. மேடை மேல கன்னத்தை வச்சுக்கிட்டுப் படுத்துக் கிடக்கறா.

டீ ஆறிப் போச்சு, குடிங்க சார். எழுதறதை நிறுத்திட்டீங்க. பரவாயில்ல, இனிமேதான் நீங்க எழுத வேண்டியது வருது.

ஆஸ்பத்திரி வராந்தாவுல முதலாளி உங்ககிட்டப் பேசினதை நான் கேட்டேன். அஞ்சடி தூரத்துலதான் நின்னேன். "மேஸ்திரிக்கும் தெரிஞ்சிருக்காது சார். பழைய ஆளுதான், ஆனா விஷயம் தெரிஞ்ச ஆளுன்னு சொல்ல முடியாது. பட்டறை ஸ்டாண்டு மாதிரியே நினைச்சு எடுத்திருப்பாங்க. தெரிஞ்சிருந்தா சொந்த மச்சானை அங்க அனுப்புவாரா?" அப்படின்னார். நீங்க உடனே நோட்டைப் பிரிச்சுக் கடைசிப் பக்கத்தைக் காட்டினீங்க. 'கல் ஸ்டாண்டில் ஒரு பக்கமாகவே எடுக்கலாம். மாமா சொன்னார்.' அதைப் படிச்சுட்டு முதலாளி, "பார்த்தீங்களா"ன்னு தலையை ஆட்டினார். பாவம்னு வேற சொன்னார். என்னைப் பார்த்து.

அதை வச்சுத்தான் நீங்க இந்த வரியை எழுதியிருக்கீங்க. 'ஒரு பக்கக் கற்களை மட்டும் இறக்கினால் ஸ்டாண்ட் கவிழும் என்பது மேஸ்திரிக்கும் தெரிந்திருக்கவில்லை.' இதுல கையெழுத்துப் போட்டுட்டு நான் இன்னிக்கே வீட்டுக்குப் போகலாம்னு நீங்க சொல்றீங்க. எப்படிப் போறது? நாளைக்குப் பட்டறையில நேத்து வந்தவன் கூட, மேஸ்திரிக்கு ஸ்டாண்டு கூடப் பிடிக்கத் தெரியாதாம்பான். டீச்சரம்மா வீடு வரைக்கும் போகும் இந்தச் சேதி. கல்லைக் கையாள்றதுல என்னை மிஞ்ச ஆளில்லன்னு சொன்ன அதே வாய்தானே அது?

அந்த வரியை அடிச்சுடுங்க சார். எனக்குத் தெரியும். அந்த ஸ்டாண்டு எத்தனாவது கல்லுல கவிழும்னு கூடத் தெரியும். தெரிஞ்சுதான் ஆறையும் இந்தப் பக்கத்துலேருந்து எடுத்தேன். தெரிஞ்சுதான் அவனை அந்தப் பக்கம் போய் இழுக்கச் சொன்னேன். ஒவ்வொரு நடைக்கும் மாத்தி எடுக்கலாம்னு ஒரு சந்தர்ப்பம் இருந்துச்சு, அஞ்சு தடவை. அஞ்சு தடவையும் வேணாம்னு நான்தான் முடிவு பண்ணினேன். கை தவறி நடந்தது ஒண்ணு கூட இல்ல. இருபத்திரண்டு வருஷத்துல நான் இவ்வளவு கச்சிதமாச் செஞ்ச வேலை வேற இல்ல.

இன்னும் ஒண்ணு. அஞ்சாவது நடையில ஒண்ணும் பேசலன்னு சொன்னேனே, அது நிஜம் இல்ல. கல்லுல கையை வச்சுட்டு அவன் நின்னான். ஸ்டாண்டை மேலயும் கீழயும் பார்த்தான். "ஏன் மாமா, ஒரே பக்கமா எடுத்தா அந்தப் பக்கம் கனம் இழுக்காது? கம்பெனியில துணி உருளை அடுக்கற ஸ்டாண்டுலயே நாங்க மாத்தி மாத்தித்தானே எடுப்போம்"னு கேட்டான். "இது துணி இல்ல மச்சான், கல்லு. ஒரு பக்கமாவே எடுக்கலாம், எடு"ன்னேன். "நீங்க சொன்னாச் சரிதான் மாமா"ன்னு சிரிச்சுட்டுக் குனிஞ்சு தூக்கினான். அதைத்தான் அப்புறம் நோட்டுல எழுதியிருக்கான்.

மத்த எல்லாத்தையும் எழுதிக்கங்க, எங்க வேணுமோ கையெழுத்துப் போடறேன். அவன் அப்படிக் கேட்டான்கறதை மட்டும் விட்டுடுங்க சார். மூணே மாசத்துல அவனுக்கும் தொழில் தெரிஞ்சுபோச்சுன்னு ஆயிடும்.